கல் குறைந்த பதினோரு பெட்டி

இல்லை, அது பொய். குறை என்று சொன்னால் பொம்மைப் பெட்டி தன் வீட்டுக்கே வந்துவிடும் என்று திட்டம் போட்டுக் கலியாணசுந்தரம் ஒரு நாளும் குறை சொன்னது கிடையாது. பிள்ளையார்பாளையத்துக் குழாயடியில் நின்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் பொய் பொய்தான். அந்த மனுஷர் வாயிலிருந்து ஆயுசுக்கும் ஒரே ஒரு பொய் வந்தது. அதுவும் எப்படி? குறையுள்ள பெட்டியை நன்றாக இருக்கிறது என்று சொன்ன பொய். அதை அவர் வாயில் திணித்ததே இந்தத் தெருதான்.

பைத்தியம் என்றார்கள். பிள்ளையில்லாத ஏக்கம் என்றார்கள். கடைசியில் பெண்டாட்டியை விட்டு ஓடினவன் என்று முடித்துவிட்டார்கள். பட்டு நெய்கிறவர் நாற்பது வயதில் பிளாஸ்டிக் செங்கல்லை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் பேசத்தான் செய்யும். பேசட்டும். நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டுப் பேசட்டும்.

கலியாணசுந்தரம் எட்டு வயதில் தறிக்குழியில் கால் விட்டவர். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவருக்குக் கொத்தனார் ஆகவேண்டும் என்றுதான் எண்ணம். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி கட்டினபோது சாரத்தின் மேல் ஆட்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் நின்றிருக்கிறார். அப்பா வந்து காதைப் பிடித்து இழுத்துப்போய்த் தறியில் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முணுமுணுக்கவில்லை. கோர்வைப் புடவை என்றால் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நூலில் வந்து விளிம்பில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளவேண்டும். அந்தக் கவ்வல் அவர் கையில் விழுந்தால் புடவை கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது. அப்படிப்பட்ட கை.

அவருக்கு வாய்த்தவள் ஏலவார்குழலி. அம்மன் பேர்தான், அதை முழுசாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை? குழலி ஆனாள். சிரித்த முகம். துடுக்கு வாய். இரண்டு தரம் வயிற்றில் தரித்தது, இரண்டு தரமும் தங்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

குழலிக்கு ரிப்பன் வாங்கப் போன இடத்தில்தான் இது ஆரம்பித்தது. அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ. காந்தி ரோட்டில் தர்மதாஸ் நயினாரின் பேன்சி ஸ்டோர். நயினார் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். எறும்பைக்கூட ஊதி அனுப்புவார். கடை மேசையில் மெட்ராஸிலிருந்து வந்த புதுப் பெட்டிகள் இரண்டு. மூடியில் பாதி கட்டின வீட்டின் படம், சுற்றிச் சாரம், பக்கத்தில் மணல் லாரி. உள்ளே விரல்நுனி அளவு செங்கற்கள், சிவப்பும் வெள்ளையும். ஒன்றின் தலையில் குமிழ், இன்னொன்றின் அடியில் குழி, அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கலியாணசுந்தரம் ஒரு பெட்டியைத் தூக்கினார், வைத்தார். அடுத்ததைத் தூக்கினார். காதருகே வைத்துத் தலையைச் சாய்த்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

“நயினாரே, இதுல ரெண்டு கல் கம்மி.”

“பிரிக்காத பொட்டிபா அது!”

“பிரிச்சிப் பாருங்களேன்.”

எண்ணிப் பார்த்தால் இரண்டு கல் இல்லை. இதில் மாயம் ஒன்றும் கிடையாது. பட்டு நூல் கழியைக் கையில் ஏந்திப் பார்த்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிப் பழகின கை அது. ஆனால் நயினார் ஆடிப்போனார்.

“தெரியாம வித்திருந்தா? நான் தெரிஞ்சி சொன்னாலும் தெரியாம சொன்னாலும் பொய் பொய்தானே. முதலியாரே, இனிமே எந்த செட்டு வந்தாலும் நீங்க ஒரு தரம் பாத்துச் சொல்லணும். நீங்க சொன்னதை அப்படியே எழுதி மாட்டிடறேன்.”

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை, தறிக்கு லீவு விடுகிற அன்று, கலியாணசுந்தரம் காந்தி ரோட்டுக்குப் போவார். மேசையிலேயே பிரித்துக் கட்டுவார், கலைப்பார், திரும்பக் கட்டுவார். அவர் சொல்லச் சொல்ல நயினார் அட்டையில் எழுதி நூல் கோத்துத் தொங்கவிடுவார்.

“கிரேன் செட்டு. கயிறு நல்ல கயிறு. கொக்கியில கனம் மாட்டினா மூக்கு தொங்கிடுது. அஞ்சு வயசுக்குள்ள வாங்கிக் குடுக்காதீங்க, அழும்.”

“பாலம் செட்டு. தூண் நிக்குது. லாரியை மேல ஏத்துனா நடுவுல உக்காந்துக்குது. ரெண்டு பொட்டி வாங்குனாதான் ஒரு பாலம்.”

“மாடி வூடு செட்டு. படத்தைப் பாத்து ஏமாறாதீங்க. மாடி படத்துலதான் இருக்குது, பொட்டிக்குள்ள இல்ல.”

ஜாதகம் பார்க்க வருகிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து, “அந்த முதலியாரு இன்னா சொன்னாரு?” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. வாக்குக்கு மதிப்பு இருந்தது, அவ்வளவுதான். அந்த மதிப்பில் மனுஷர் நிமிர்ந்து நடந்தார்.

சரி, வீட்டுக்கு வந்த பெட்டிகள்? கல் குறைந்த பெட்டியை நயினார் விற்கமாட்டார். மெட்ராஸ்காரன் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டான். “வித்தா பாவம், வெச்சிருந்தா இடம் அடைக்குது. நீங்களே எடுத்துக்கினு போங்க முதலியாரே” என்று நயினார்தான் கையில் திணித்தார். கலியாணசுந்தரம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்தார் தெரியுமா? ஊடு நூலை ஓட்டித் தேய்ந்துபோய்த் தூக்கிப்போட்ட தறி நாடாவின் மரத்தை அறுத்து, குறைந்த கல்லைத் தானே செதுக்கினார். குமிழ் வைத்து, அடியில் குடைந்து, சாயப்பட்டறையில் மிஞ்சின சிவப்பைக் கேட்டு வாங்கித் தோய்த்து, இரண்டு நாள் காயவைத்து, அந்தந்தப் பெட்டியில் அந்தந்த இடத்தில் வைத்து மூடுவார். நாலு வருஷத்தில் பரண்மேல் பதினோரு பெட்டி சேர்ந்தது. பதினொன்றிலும் குறை இருந்தது, பதினொன்றும் அவர் கையால் நிறைந்தது. இதைத்தான் ஊர் சுருட்டல் என்றது.

இப்போது சொல்லப்போவது குழலிக்குக் கஷ்டமான இடம். அவளே பிற்பாடு வாய்விட்டுச் சொன்னதுதான், அதனால் சொல்லலாம்.

ஒருநாள் குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் கேட்டாள்: “இன்னாடி குழலி, உங்க ஊட்டுக்காரரு மறுபடியும் பொட்டி தூக்கிக்கினு போறாரு?”

குழலி சிரித்தாள். “அவரு வாயில குத்தம் வந்தாதானேக்கா எங்க ஊட்டுக்குப் பொட்டி வருது! நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டா வெறுங்கையை வீசிக்கினு இல்ல வரணும்?”

நாலு பெண்கள் சிரித்தார்கள். பூவம்மாள் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டே சிரித்தாள். விளையாட்டுப் பேச்சு, குழலிக்கு வந்த வேகத்தில் மறந்தும் போனது. ஆனால் பேச்சு மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு திரும்பி, நாலாம் நாள் கண்ணாயிரத்தின் டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது அதில் விளையாட்டு இல்லை. “குத்தம் சொல்லிச் சொல்லியே நயினார் கடையைச் சுருட்டறாருபா முதலியாரு.”

அடுத்த அமாவாசைக்குக் கலியாணசுந்தரம் ஒரு பெட்டியைத் தூக்கிக் காதில் வைத்ததும், கடை வாசலில் நின்றிருந்த கண்ணாயிரம் கேட்டான்: “இன்னா முதலியாரே, இந்தப் பொட்டி கடைக்கா, ஊட்டுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். கலியாணசுந்தரமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இலையில் சோற்றைப் பிசைந்தவர் அப்படியே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“குழலி, நான் அப்படிப்பட்ட ஆளா?”

 அந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து புறப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். “ஒலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா? சாப்புடுங்க” என்றாள். பழமொழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம்.

அப்புறம் எழுபத்திரண்டு புரட்டாசி. நயினார் கடைக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. நாலு மாடிக் கட்டடம், உச்சியில் திருப்பினால் திரும்புகிற கிரேன். ஒன்றே ஒன்று. சின்ன காஞ்சிபுரத்தில் மளிகை மண்டி வைத்திருந்த சிட்டிபாபு செட்டியார் அதைக் கொலுவில் வைக்கப் பிரியப்பட்டார். “அடிப்படியில எல்லாரும் பார்க்குதான் கட்டறாங்க. நம்ம ஊட்டுல நாலு மாடி! முதலியாரு ஒரு வார்த்தை நல்லதுன்னு சொல்லட்டும், எடுத்துக்கறேன்” என்று காத்திருந்தார்.

கலியாணசுந்தரம் இரண்டு கல்லை எடுத்து அழுத்தினார். கவ்வவில்லை. வழுக்கியது. கோர்வையில் ஒரு இழை தளர்ந்தாலே சொல்லிவிடும் விரல். இது தளர்ச்சியில்லை, பல்லே இல்லாத வாய். இன்னும் இரண்டு எடுத்தார். அதுவும் அப்படியே. இரண்டு மாடிக்குமேல் நிற்காது. சொல்ல வாயெடுத்தார்.

பின்னாலிருந்து கண்ணாயிரம், “சொல்லுங்க முதலியாரே, இதோட பன்னெண்டு ஆவுது!” என்றான்.

கலியாணசுந்தரம் கல்லைக் கீழே வைத்தார். “நல்லாயிருக்குது,” என்றார். “தாராளமா வாங்கலாம்.”

நயினார் எழுதினார். செட்டியார் மகிழ்ந்துபோனார். கலியாணசுந்தரம் அவசரமாகச் சொன்னார்: “நீங்க சிரமப்படாதீங்க செட்டியாரே. நானே ஊட்டுல கட்டி, நிறுத்தி, தூக்கிக்கினு வந்து தரேன்.”

அந்தச் சமயம் அவர் தறியில் இருந்தது சாதாரணப் புடவை இல்லை. குழலியின் அண்ணன் பரமசிவத்தின் மகனுக்கு ஐப்பசியில் கல்யாணம். வரப்போகிற மருமகளுக்குக் கூறைப் புடவை அத்தை வீட்டுத் தறியிலிருந்துதான் வரவேண்டும். அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அப்படித்தான். அரக்கு உடல், பச்சைக் கரை. முக்கால் புடவை முடிந்து, நெய்தது நெய்தபடி தறியின் சுருட்டுமரத்தில் சுருண்டிருந்தது.

அன்றைக்கு விடாத மழை. வீட்டில் ஒழுகாத இடம் தறி இருந்த மூலை மட்டும்தான். கலியாணசுந்தரம் குழியில் கால் விட்டு உட்கார்ந்து, சுருட்டின பட்டின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, அதன்மேல் பலகை வைத்து, கட்டடத்தைக் கட்டினார். இரண்டு மாடி ஏறும், சரியும். மூன்று தரம் சரிந்தது.

“குழலி, ஒரு பிடி அரிசியைக் கெட்டியா கஞ்சி காய்ச்சு.”

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்கு விறைப்பு வேண்டுமென்றால் கஞ்சி போடுவார்கள். நூல் நிற்காவிட்டால் கஞ்சி. நெய்கிறவன் கைக்கு வேறு வைத்தியம் தெரியாது. ஒவ்வொரு குமிழிலும் சின்ன பிரஷ்ஷால் கஞ்சி தொட்டுத் தொட்டு வைத்தார். மாடி மேல் மாடி ஏறியது. நாலாவது மாடியில் கிரேனை வைத்துக் கொக்கியை இறக்கினபோது குழலி கையைத் தட்டிவிட்டாள்.

“நிக்குதே!”

“நின்னுட்டா பொய் இல்ல, இல்ல குழலி?”

“இன்னா பொய்?”

அப்போது சொன்னார். கடையில் நடந்தது, கண்ணாயிரம் கேட்டது, தான் சொன்னது எல்லாம். “நாளைக்கி இதை அப்படியே செட்டியார் ஊட்டுல வெச்சிட்டா நான் சொன்னது நிஜமாயிடும்” என்றார். குழலிக்கு இரண்டாம் தரம் வாய்ப்பு வந்தது. இரண்டாம் தரமும் சொல்லவில்லை. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த வெளிச்சத்தை ஏன் கெடுப்பது என்று நினைத்தாள்.

கஞ்சிச் சட்டி வீட்டுக்குள் தங்கினால் எலிக்குப் பாக்கு வைத்து அழைத்த மாதிரி. நெய்கிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும். கலியாணசுந்தரமும் மறக்கவில்லை. அந்த மழையிலும் சட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தார். பாவுக்குப் போடுகிற கஞ்சி வெயிலில் முறுகிக் காய்ந்துவிடும். அதனால் சட்டியை மட்டும் பார்த்துப் பழகின கண். இப்போது கஞ்சி ஈரத்தோடு கட்டடம் பூரா இருக்கிறது, பலகையிலிருந்து நாலு சொட்டு வேட்டியில் ஊறியிருக்கிறது, வேட்டிக்கு அடியில் கூறைப் புடவை இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. நெய்கிறவன் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமுடியாது.

விடிந்ததும் முதலில் பார்த்தவள் குழலி. நாலு மாடியும் குழியில் கொட்டிக் கிடந்தது. வேட்டியில் ஒரு காலணா அளவு ஓட்டை.

கலியாணசுந்தரம் வேட்டியை எடுத்தார். மரத்தைத் திருப்பி ஒரு சுற்றுப் பிரித்தார். பட்டில் ஓட்டை. இன்னொரு சுற்று, ஒரு சாண் தள்ளி அதே ஓட்டை. எலி கடித்தது ஒரே கடிதான். ஆனால் சுருட்டிவைத்த பட்டில் ஒரு கடி என்பது ஒரு ஓட்டை இல்லை. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. போகப் போகச் சின்னதாகிப் பதினான்காவது ஓட்டை குண்டூசி முனை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் நிறுத்தாமல் முந்தானை வரைக்கும் பிரித்துப் பார்த்தார். 

அன்றைக்கே கற்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கழுவித் துடைத்து, பெட்டியில் போட்டுக்கொண்டு மழையில் சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்தார். “செட்டியாரே, இது நிக்காது. தெரிஞ்சேதான் நல்லதுன்னு சொன்னேன்.”

சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்தார். “அட ராமா! கொலு பொம்மைதானேபா, கொஞ்சம் பிசின் தடவினா ஒட்டிக்கப்போவுது. இதுக்கா இம்மாந்தூரம் நனைஞ்சிக்கினு வந்தே? உக்காரு, காபி சாப்புடு.”

அந்தச் சிரிப்பு அவரைக் கொன்றது. ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பார். காபியைத் தொடாமல் காந்தி ரோட்டுக்கு வந்து நயினாரிடமும் சொன்னார். நயினார் சிரிக்கவில்லை. நூலில் தொங்கின அட்டைகளைப் பார்த்தார். பிறகு முக்காலி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

“ஒங்க மேல கோவம் இல்ல முதலியாரே. ஆனா இதுல எது அந்த மாதிரி, எது நெஜம்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?”

மூன்றாம் நாள் பரமசிவம் வந்தார். உட்காரவில்லை. தறியைப் பார்த்தார், பரண்மேலிருந்த பதினோரு பெட்டியைப் பார்த்தார்.

“மாப்ள, ஒங்களை நான் கைநீட்டி ஒரு வார்த்தை பேசினவன் இல்ல. ஆனா பொம்மைக்குக் கஞ்சி ஊத்தி, என் ஊட்டுக்கு வர்ற பொண்ணு கூறையை எலிக்கு வெச்சிட்டீங்களே.”

“புதுசா பாவு ஏத்தி நெய்யறேன் மச்சான். ராப்பகலா உக்காந்துடறேன்.”

“வாணாம் மாப்ள. எலி தொட்ட தறியிலருந்து கூறை வாணாம்னு பொண்ணு ஊட்ல சொல்லிட்டாங்க.” குழலி நீட்டின மோரை வாங்காமல் படி இறங்கினார்.

கூறை வேறு தறியிலிருந்து வந்தது. கல்யாணத்தில் குழலியும் அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாங்க என்றார்கள், சாப்பிடுங்கள் என்றார்கள். அவ்வளவு மரியாதை அவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம். நெய்தார். சாப்பிட்டார். கார்த்திகை அமாவாசை வந்தது, மார்கழி அமாவாசை வந்தது; காந்தி ரோட்டுக்குப் போகவில்லை, பரணிலிருந்து பெட்டியை இறக்கவுமில்லை. குழலி ஒருநாள் தானே ஏறி ஒன்றை இறக்கிக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். திறந்தார். மரத்தில் செதுக்கின கல்லை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இதுல மட்டும் சாயம் கொஞ்சம் தூக்கலா போச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தை பிறந்தது. தறியிலிருந்த புடவையை முடித்து அறுத்துக் கொண்டுபோய் நெசவாளர் சொசைட்டியில் கொடுத்தார். ஒரு பாவு முடிந்தால் அதன் கடைசி நுனியில் அடுத்த பாவைப் பிணைப்பது வழக்கம். தறி ஒருநாளும் வெறுமையாக இருக்காது. இந்தத் தரம் அவர் புதுப் பாவு வாங்கிவரவில்லை. வெறும் தறியைக் குழலி பார்த்தாள். அவள் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த மூலையில் மரத்தை மரமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மஞ்சள் பையில் இரண்டு வேட்டி.

“மெட்ராஸ் போறேன் குழலி. பெரிய கட்டடம் கட்டறாங்களாம். கல்லு தூக்க ஆள் எடுக்கறாங்களாம்.”

“இந்த வயசுலயா?”

“சாரத்துல நிக்கறதுக்கு வயசு இன்னா?”

பரண்மேல் ஒருதரம் பார்த்தார். “அதெல்லாம் யாரு கேட்டாலும் குடுத்துடு. காசு வாங்காதே. எதுல எந்தக் கல்லு மரக்கல்லுன்னு சொல்லிட்டுக் குடு.”

குழலி தலையாட்டினாள். அவர் வாசற்படி வரைக்கும் போய் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

“குழாயடியில அந்தப் பேச்சை மொதல்ல யாரு எடுத்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?”

தெருவில் யாரோ பாவு விரித்துக்கொண்டிருந்தார்கள். பூவம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குழலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தெரியாது” என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மூடியைத் திறக்காமலே உள்ளே எத்தனை கல் குறைகிறது என்று சொல்லிவிடுகிற மனுஷர். தலை லேசாகச் சாய்ந்திருந்தது, காதருகே எதையோ வைத்து ஆட்டிக் கேட்கிற மாதிரி. கோபம் இல்லை. நல்லது என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை.

“சரி” என்றார்.

“குடையை எடுத்துக்கினு போங்க.”

“தை மாசத்துல இன்னா மழை வரப்போவுது?”

செருப்பை மாட்டிக்கொண்டார். விரித்திருந்த பாவை மிதித்துவிடாமல், வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவோரமாகவே நடந்து போனார்.